பெயர் போடாத உழைப்பு: ஜேம்ஸ் ஜேமர்சனும் மோட்டவுன் கம்பெனியும்

தோழர்களே, 'மை கேர்ள்' என்ற அமெரிக்கப் பாட்டை உங்களில் பலர் கேட்டிருப்பீர்கள். 1964இல் டெம்ப்டேஷன்ஸ் குழு பாடியது. பாடகர் வாயைத் திறப்பதற்கு முன், கிட்டார் வருவதற்கும் முன், ஒரு பேஸ் கிட்டார் மட்டும் தனியாக நடந்து வரும். இரண்டே வினாடி. அதற்குள் இது என்ன பாட்டு என்று உலகத்தில் எந்த மூலையில் இருப்பவருக்கும் தெரிந்துவிடும். அதை வாசித்தது யார்? இசைத்தட்டில் பாடிய குழுவின் பெயர் இருந்தது. எழுதிய ஸ்மோக்கி ராபின்சன், ரொனால்ட் வைட் இருவரின் பெயரும் இருந்தது. கம்பெனியின் பெயர் எல்லாவற்றையும்விடப் பெரிதாக இருந்தது. வாசித்தவர் பெயர் இல்லை.

வாசித்தவர் ஜேம்ஸ் ஜேமர்சன். 1960களில் மோட்டவுன் கம்பெனி வெளியிட்ட வெற்றிப் பாடல்களில் பெரும்பாலானவற்றின் அடித்தளத்தில் இவருடைய விரல் இருக்கிறது. விரல்கள் என்று சொல்லவில்லை, விரல்தான். வலது கையின் ஆட்காட்டி விரல் ஒன்றை மட்டும் வைத்து வாசித்தவர் அவர். அந்த விரலுக்குக் 'கொக்கி' என்று பட்டப்பெயர் உண்டு. பில்போர்டு பட்டியலில் முதலிடம் பிடித்த பாடல்களில் இருபதுக்கும் மேற்பட்டவற்றில் அவர் வாசித்திருக்கிறார். உலகப் புகழ்பெற்ற எந்தப் பாப் குழுவுக்கும் இது பெருமையான கணக்கு. ஆனால் அந்தப் பத்தாண்டில் ஜேமர்சனைத் தெருவில் பார்த்து அடையாளம் சொல்லக்கூடியவர்கள் டெட்ராய்ட் நகரத்துக்கு வெளியே அநேகமாக யாரும் இல்லை.

'திறமை இருந்தால் உலகம் தானாக அங்கீகரிக்கும்' என்று நம் வகுப்பறைகளில் ஓயாமல் சொல்கிறார்களே, அவர்கள் முதலில் இந்த மனிதரின் வாழ்க்கைக்குப் பதில் சொல்லட்டும்.

1936இல் தெற்குக் கரோலினா மாநிலத்தில் பிறந்தவர் ஜேமர்சன். எடிஸ்டோ தீவு அவருடைய ஊர். அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களின் வழிவந்த கல்லா மக்களின் பகுதி அது. சிறுவயதில் ஒரு குச்சியில் ரப்பர் பட்டையை இழுத்துக் கட்டி, எறும்புப் புற்றில் நட்டு, சுண்டி வாசித்து எறும்புகளை ஆட வைப்பாராம். 1954இல் அம்மாவுடன் டெட்ராய்ட் நகரத்துக்கு வந்தார். தெற்கின் நிறவெறியிலிருந்து தப்பி, வடக்கின் கார் தொழிற்சாலைகளை நம்பி லட்சக்கணக்கான கறுப்பர்கள் போன அதே பாதை. அங்கே பள்ளியில்தான் ஆளுயரப் பேஸ் வாத்தியத்தை முதலில் கையில் எடுத்தார். இரவில் ஜாஸ் விடுதிகளில் வாசித்தார். மின்சாரப் பேஸ் கிட்டாருக்குப் பின்னால்தான் வந்தார். ஆனால் ஜாஸில் கற்றதை விட்டுவிடவில்லை. முக்கியமான விஷயம் இதுதான்.

அவர் என்ன செய்தார் என்று கொஞ்சம் நின்று பார்ப்போம். அதுவரை பாப் பாட்டில் பேஸ் என்பது பெரும்பாலும் காவல்காரன் வேலை. சுரத்தின் அடிக்குறிப்பை 'டும் டும்' என்று பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும், அவ்வளவுதான். மோட்டவுனில் ஜேமர்சன் கையில் பல நேரம் கொடுக்கப்பட்டது, எந்த இடத்தில் எந்தக் கார்டு என்று எழுதிய ஒரு தாள் மட்டுமே. அந்தக் காகிதத்துக்கும் நாம் இன்று கேட்கும் இசைக்கும் நடுவில் இருப்பது அவருடைய மூளை. கிட்டாரும் பியானோவும் ஒரே கார்டைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது அடியில் ஒரு சுரத்தை மாற்றிப் போட்டால் மொத்தக் கார்டின் நிறமே மாறிவிடும். சந்தோஷமான இடம் திடீரென்று ஏக்கமாகிவிடும். பேஸ் வாசிப்பவர் கையில் அந்த அதிகாரம் இருக்கிறது. ஜேமர்சன் அதைப் பயன்படுத்தினார். ஃபோர் டாப்ஸ் குழுவின் 'பெர்னடெட்', ஸ்டீவி வொண்டரின் 'ஐ வாஸ் மேட் டு லவ் ஹர்' இரண்டும் 1967இல் வந்தவை. பாடகரின் குரலை ஒதுக்கிவிட்டு அடியில் ஓடும் பேஸை மட்டும் ஒருமுறை கேளுங்கள். அங்கே இன்னொரு பாட்டு ஓடிக்கொண்டிருக்கும். பீட்டில்ஸ் குழுவில் பேஸ் வாசித்த பால் மெக்கார்ட்னி, தன்னைப் பாதித்தவர் என்று ஜேமர்சனைப் பலமுறை சொல்லியிருக்கிறார். கடல் தாண்டி லிவர்பூல்காரர் காதில் விழுந்த இசை அது. வாசிப்பவர் பெயர் தெரியாமலேயே விழுந்தது.

வாத்தியத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 1962ஆம் ஆண்டு ஃபெண்டர் பிரிசிஷன் பேஸ். 'ஃபங்க் மெஷின்' என்று அதற்குப் பெயர் வைத்திருந்தார். தட்டையாகச் சுற்றிய தடித்த கம்பிகள். கம்பி அறுந்தால் ஒழிய மாற்றமாட்டார்.

இந்த உழைப்பு நடந்த இடம், டெட்ராய்டில் மேற்கு கிராண்ட் புலவார்டு சாலையில் 2648ஆம் எண் வீடு. பெர்ரி கோர்டி என்ற கறுப்பின இளைஞர் 1959இல் குடும்பத்தாரிடம் 800 டாலர் கடன் வாங்கித் தொடங்கிய கம்பெனி மோட்டவுன். அந்த வீட்டின் பின்புறக் கொட்டகையைப் பதிவுக்கூடமாக மாற்றினார்கள். வாத்தியக்காரர்கள் அதைப் 'பாம்புக்குழி' என்று அழைத்தார்கள். ஏறக்குறைய இரவு பகலாக வேலை நடந்தது. கோர்டி அதற்கு முன் லிங்கன்-மெர்குரி கார் ஆலையில் அசெம்பிளி லைனில் நின்றவர். வெறும் சட்டமாக உள்ளே போகும் வண்டி பளபளப்பான காராக வெளியே வருவதைப் போலப் பாடகர்களை உருவாக்க வேண்டும் என்று நினைத்ததாக அவரே சொல்லியிருக்கிறார். தரக்கட்டுப்பாடு என்றே ஒரு பிரிவை வைத்திருந்தார். வாராவாரம் கூடி எந்தப் பாட்டு வெளிவரலாம் என்று வாக்கெடுப்பார்கள்.

கார் ஆலையின் முறையை எடுத்துக்கொண்டால் கார் ஆலையின் நீதியும் சேர்ந்துதான் வரும். காரின் மேல் ஃபோர்டு என்று எழுதியிருக்கும். கதவைப் பொருத்தியவர் பெயர் எழுதியிருக்குமா?

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஜேமர்சன் பட்டினி கிடக்கவில்லை. ஆரம்பத்தில் பாட்டுக்குச் சில டாலர்கள் என்று வாங்கியவர், 1968 வாக்கில் வாரம் 1,000 டாலர் சம்பளம் பெற்றார். அன்றைய டெட்ராய்டில் ஒரு கறுப்பினத் தொழிலாளிக்கு அது பெரிய தொகை. கம்பெனியின் ஆதரவாளர்கள் உடனே இதைத்தான் எடுத்து நீட்டுவார்கள். நல்ல சம்பளம் கொடுத்தார்களே, இன்னும் என்ன வேண்டும்?

இந்தக் கேள்வியில்தான் சூது இருக்கிறது. கூலி ஒன்று, உரிமை வேறு. ஒரு பாட்டு விற்கும் வரை, ஒலிபரப்பாகும் வரை, விளம்பரத்திலும் சினிமாவிலும் பயன்படும் வரை எழுதியவருக்கும் பதிப்பு உரிமையாளருக்கும் பணம் வந்துகொண்டே இருக்கும். மோட்டவுனின் பாடல் பதிப்பு உரிமை 'ஜோபீட்' என்ற கோர்டியின் துணை நிறுவனத்திடம் இருந்தது. வாத்தியம் வாசித்தவருக்கு அன்றைய கூலியோடு கணக்கு முடிந்தது. ஏன்? பாட்டு என்றால் மெட்டும் வரிகளும்தான் என்று சட்டமும் தொழில் வழக்கமும் வரையறுத்து வைத்திருந்தன. அப்போது அமலில் இருந்தது 1909ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம். காகிதத்தில் எழுதிப் பதிவு செய்தது படைப்பு. காகிதத்தில் இல்லாமல் விரலிலிருந்து பிறந்தது வெறும் வாசிப்பு. 'மை கேர்ள்' பாட்டை நினைவுபடுத்துவது முதலில் வரும் பேஸும், அதன் மேல் ஏறிவரும் ராபர்ட் வைட்டின் கிட்டாரும். அவை இரண்டும் சட்டத்தின் கண்ணில் பாட்டின் பகுதியே அல்ல!

யார் செய்தால் படைப்பு, யார் செய்தால் கைவேலை என்று பிரிக்கும் இந்தக் கோடு நமக்குப் புதிதா? எழுதுகிறவன் அறிஞன், கையால் செய்கிறவன் வேலைக்காரன் என்ற ஏற்பாட்டின் அடியில் கிடந்து வந்தவர்கள் நாம். மாணவர்களே, சட்டப் புத்தகத்தைத் திறக்கும்போது என்ன தண்டனை என்று பார்ப்பதற்கு முன், அதில் வரும் சொற்களுக்கு யார் பொருள் எழுதினார்கள் என்று பாருங்கள்.

பெயர் போடாததற்கு வரலாற்றாசிரியர்கள் சிலர் சாதுவான விளக்கம் தருவார்கள். அந்தக் காலத்தில் எல்லாக் கம்பெனியும் அப்படித்தானாம். பாதி உண்மை. மீதிப் பாதி, பெயர் வெளியே தெரிந்தால் போட்டிக் கம்பெனி கொத்திக்கொண்டு போய்விடும் என்ற பயம். இந்தக் குழுவினர் தங்களை 'ஃபங்க் பிரதர்ஸ்' என்று அழைத்துக்கொண்டார்கள். ஜேமர்சன் உட்பட அவர்கள் வெளியே ரகசியமாக வாசித்ததுண்டு. ஜாக்கி வில்சனின் 'ஹையர் அண்ட் ஹையர்' பாட்டுக்காக 1967இல் சிகாகோவரை போய் வாசித்துவிட்டு வந்தார்கள். பிடிபட்டவர்களுக்குக் கம்பெனி அபராதம் போட்டது. குழுத் தலைவர் ஏர்ல் வான் டைக் பெயரில் 1965இல் ஒரு வாத்திய இசைத்தட்டு வந்தபோது, 'ஃபங்க்' என்ற சொல் முதலாளிக்குப் பிடிக்காததால் அதில் 'சோல் பிரதர்ஸ்' என்று அச்சடித்தார்கள். தங்களுக்குத் தாங்களே வைத்துக்கொண்ட பெயரைக்கூட வைத்துக்கொள்ள முடியவில்லை.

வெள்ளையர் சந்தையின் நிறவெறி எப்படி வேலை செய்தது என்பதற்கும் மோட்டவுனே சாட்சி. 1966இல் இஸ்லி பிரதர்ஸ் இசைத்தட்டின் உறையில் ஒரு வெள்ளைக்கார ஜோடியின் படத்தைப் போட்டு விற்றார்கள். பாடியவர்கள் கறுப்பர்கள் என்பது கடையில் தெரியக்கூடாது. ஆக, நிறவெறி பாடகரின் முகத்தை மறைத்தது. முகத்தை மறைக்க வேண்டியிருக்கிறதே என்று வேதனைப்பட்டிருக்க வேண்டிய கம்பெனி, தன் பங்குக்கு வாத்தியக்காரரின் பெயரை மறைத்தது.

இந்தக் கதையை நம் இளைஞர்களிடம் நான் சொல்ல விரும்புவது இதற்காகத்தான். ஜேமர்சனின் பெயரை அழித்தது வெள்ளை முதலாளி அல்ல. கறுப்பர் ஒருவர், கறுப்பர் கடனில், கறுப்பர் திறமையை வைத்துக் கட்டிய கம்பெனி. நம்மிடையே தலித் முதலாளியம் பேசுகிறவர்கள் அமெரிக்கக் கறுப்பினத் தொழிலதிபர்களை முன்மாதிரியாகக் காட்டுவது வழக்கம். 2002 ஜனவரியில் வந்த போபால் ஆவணமே, அரசும் கம்பெனிகளும் தங்கள் கொள்முதலில் தலித்துகளுக்குப் பங்கு தர வேண்டும் என்று அமெரிக்க முறையைக் காட்டித்தான் கேட்டது. கேட்டது சரி. சந்தையில் நமக்கு இடம் வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. கோர்டி செய்ததும் சின்ன வேலை இல்லை. வெள்ளையர் வீட்டு வரவேற்பறைக்குள் சுப்ரீம்ஸ் குழுவின் மூன்று கறுப்பினப் பெண்களைத் தொலைக்காட்சி வழியாக ராணிகளைப் போல நுழைய வைத்தவர் அவர். ஆனால் 'நம் ஆள் முதலாளி ஆகிவிட்டான்' என்ற மகிழ்ச்சியில் பாம்புக்குழிக்குள் இருப்பவரின் சம்பளச் சீட்டைப் பார்க்க மறந்தால் அது அரசியல் இல்லை, சொந்தக்காரர் கல்யாணத்தில் கை தட்டுவது.

'நம் வீட்டுச் சண்டையை வெளியே கொண்டு போகாதே' என்று சொல்லிச் சொல்லியே எத்தனை பேரை ஊமையாக்கியிருக்கிறோம்!

அதே டெட்ராய்ட், அதே ஆண்டுகள். 1968 மே மாதம் டாட்ஜ் கார் ஆலையில் கறுப்பினத் தொழிலாளர்கள் சங்கத்தின் அனுமதிக்குக் காத்திருக்காமல் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அதிலிருந்து டாட்ஜ் புரட்சிகரத் தொழிற்சங்க இயக்கம் பிறந்தது. கம்பெனியை எதிர்த்தார்கள். வெள்ளையர் தலைமையில் இருந்த தொழிற்சங்கத்தையும் எதிர்த்தார்கள். அந்த ஆண்டுதான் மோட்டவுனின் நட்சத்திரப் பாடலாசிரியர்கள் ஹாலண்ட், டோசியர், ஹாலண்ட் மூவருக்கும் கம்பெனிக்கும் பணத் தகராறு முற்றி நீதிமன்றம் போனது. பெயர் அச்சான பாடலாசிரியர்களுக்கே வழக்கு போடும் நிலை என்றால், பெயரே இல்லாதவர் எந்த ஆவணத்தை எடுத்துக்கொண்டு எந்த நீதிபதி முன் போய் நிற்பார்?

1971இல் மார்வின் கே 'வாட்ஸ் கோயிங் ஆன்' தொகுப்பை வெளியிட்டார். வியட்நாம் போரையும் போலீஸ் வன்முறையையும் பேசிய தொகுப்பு. ஜேமர்சனை மார்வின் கே மதுக்கடையில் தேடிப் பிடித்து அழைத்து வந்தார் என்றும், நாற்காலியில் உட்காரக்கூட முடியாத நிலையில் தரையில் படுத்துக்கொண்டே அந்தத் தலைப்புப் பாடலை வாசித்தார் என்றும் சொல்வார்கள். எனக்கு அந்தக் கதையைவிட உறைதான் முக்கியம். அந்தத் தொகுப்பின் உறையில்தான் மோட்டவுன் வாத்தியக்காரர்களின் பெயர்கள் முறையாக அச்சாயின. ஜேமர்சன் பெயருக்கு முன்னால் 'ஒப்பற்ற' என்று ஓர் அடைமொழியும் சேர்த்திருந்தார்கள். வாசிக்கத் தொடங்கி ஏறத்தாழ 12 ஆண்டுகளுக்குப் பிறகு.

மறு ஆண்டே, 1972இல், கம்பெனி லாஸ் ஏஞ்சலீஸ் நகரத்துக்கு மூட்டை கட்டியது. வாத்தியக்காரர்களை உட்கார வைத்து யாரும் பேசவில்லை. இன்று பதிவு இல்லை என்று கதவில் ஒட்டியிருந்த தாளைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டோம் என்று அவர்கள் பின்னர் சொன்னார்கள். ஆலை மூடும்போது தொழிலாளிக்குக் கடைசியில்தான் தெரியும் என்பது எந்த நாட்டிலும் மாறாது போல. ஜேமர்சனும் பின்னாலேயே லாஸ் ஏஞ்சலீஸ் போனார். அங்கே சில நல்ல பாட்டுகளில் வாசித்தார். 1973இல் மோட்டவுனுடனான தொடர்பு முடிந்தது. புதிய தயாரிப்பாளர்களுக்குப் பளிச்சென்ற புதுக் கம்பியும் புதிய பாணியும் தேவைப்பட்டன. அவர் பழைய கம்பியை மாற்றவில்லை. அழைப்புகள் குறைந்தன, குடி கூடியது.

குடியைப் பற்றி ஒரு வார்த்தை. ஜேமர்சனைப் பற்றி எழுதுகிறவர்களில் பலர் 'மாபெரும் கலைஞர், குடியால் அழிந்தார்' என்று முடித்துவிடுகிறார்கள். சமூகப் பணியில் இருப்பதால் இந்த வாக்கியத்தை நான் வேறு இடங்களிலும் பார்த்திருக்கிறேன். மலக்குழியில் இறங்கி ஒருவர் செத்தால் முதலில் கேட்கப்படும் கேள்வி, குடித்திருந்தாரா? எதற்காகக் குடிக்காமல் அந்த வேலையைச் செய்ய முடியவில்லை என்று யாரும் கேட்பதில்லை. ஜேமர்சனுக்கு மோட்டவுன் காலத்திலேயே குடிப்பழக்கம் இருந்தது, உண்மைதான். தன் இசையை உலகமே கேட்க, தான் யார் என்று ஒருவருக்கும் தெரியாமல் வாழ்வது மனிதரை என்ன செய்யும் என்பதும் அதே கோப்பில் எழுதப்பட வேண்டிய உண்மை.

1983 மார்ச் 25. பாசடீனா நகரத்தில் மோட்டவுனின் 25ஆம் ஆண்டு விழா தொலைக்காட்சிக்காகப் படமாக்கப்பட்டது. மைக்கேல் ஜாக்சன் நிலவு நடை ஆடியதே, அதே மேடை. ஜேமர்சனுக்கு அழைப்பு இல்லை. கள்ளச் சந்தையில் டிக்கெட் வாங்கி, கூட்டத்தோடு கூட்டமாக மேலே உட்கார்ந்து பார்த்தார் என்று அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதிய ஆலன் ஸ்லட்ஸ்கி பதிவு செய்திருக்கிறார். அந்த ஃபங்க் மெஷினும் திருடு போனது. ஆகஸ்ட் 2ஆம் தேதி கல்லீரல் நோயும் நிமோனியாவும் சேர்ந்து இறந்தார். வயது 47. டெட்ராய்டுக்குக் கொண்டுவந்து அடக்கம் செய்தார்கள்.

செத்த பிறகு மாலைகள் வந்தன. ஸ்லட்ஸ்கியின் புத்தகம் 1989இல், அதை ஒட்டிய ஆவணப்படம் 2002இல். ராக் அண்ட் ரோல் புகழ்மன்றம் 2000இல் ஒரு புதிய பிரிவைத் தொடங்கி அவரைச் சேர்த்தது. அந்தப் பிரிவின் பெயர் என்ன தெரியுமா? பக்கவாத்தியக்காரர்கள். பாட்டின் அடித்தளத்தையே போட்டவர், சாவுக்குப் பின்னும் பக்கத்தில்தான்.

பெயர் போடாததால் விளைந்த இன்னொரு அநியாயமும் இருக்கிறது. லாஸ் ஏஞ்சலீஸைச் சேர்ந்த புகழ்பெற்ற பேஸ் கலைஞர் கேரல் கே, ஜேமர்சன் வாசித்ததாகச் சொல்லப்படும் சில முக்கியமான பாடல்களைத் தான் வாசித்ததாகப் பின்னாளில் கூறினார். டெட்ராய்டில் கூட இருந்தவர்கள் மறுத்தார்கள். சாகும் வரை உழைத்த மனிதருக்கு, இறந்த பிறகு மற்றவர்கள் வந்து சாட்சி சொல்ல வேண்டியதாயிற்று. உறையில் ஒரு வரி அச்சடித்திருந்தால் இந்த வழக்கே இல்லை. அச்சுக்கூலி எவ்வளவு ஆகியிருக்கும்?

மோட்டவுன் கம்பெனியை 1988இல் கோர்டி 6.1 கோடி டாலருக்கு விற்றார். பாடல்களின் பதிப்பு உரிமை வைத்திருந்த ஜோபீட்டைத் தன்னிடமே வைத்துக்கொண்டார். அதில் பாதியை மட்டும் 1997இல் 13.2 கோடி டாலருக்கு இ.எம்.ஐ. நிறுவனத்துக்குக் கொடுத்தார். மெட்டுக்கும் வரிகளுக்குமான விலை அது. பேஸுக்கு அந்தக் கணக்கில் பத்தியே கிடையாது.